வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இறந்துபோன என் மனைவியின் மீதும், இன்னும் விழாத என் மூன்று பற்களின் மீதும் ஆணை.

கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் வேறு மாதிரி சொல்லுவேன். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவள் எம்னா. மூளையை ஆராய்கிறவள். பிரெஞ்சு நகரமான லியோனில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். அவர்கள் அவளுடைய தொழில் பின்னணியை ஒரே பத்தியில் கேட்டிருக்கிறார்கள். "நீங்களே எழுதித் தந்துடுங்க அம் ஹாதி*, எனக்கு என்னைப் பத்தி எழுத வரல" என்று வந்து நின்றாள்.

நான் நாளிதழில் ஆயுள் முழுக்க இரங்கல் குறிப்பு எழுதியவன். ஓர் ஆளை ஒரு பத்தியில் அடக்குவது எனக்குக் கைவந்த கலை. மற்றவர்கள் அடக்கம் செய்வதற்கு முன்னால் நான் அடக்கிவிடுவேன்.

(* அம் என்றால் அப்பாவோடு பிறந்தவர். துனிஸில் தலை நரைத்த எவனுக்கும் இந்தப் பதவி தானாக வந்துவிடும். சம்பளம் கிடையாது.)

2

முதல் வரைவு: எம்னா நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்று—

நிறுத்திவிட்டேன். பெற்று என்ன ஆனாள் என்று எழுத வரவில்லை. பல்கலைக்கழகத்தில் அவளுடையது தற்காலிக வேலை. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மறந்துவிடுவார்கள்.

இரண்டாம் வரைவு: அன்னார் மனித மூளையின் மீது தீராத பற்றுக் கொண்டிருந்தார்—

எம்னா வாங்கிப் படித்தாள்.

"நான் செத்துட்டேனா?"

"பழக்கம் புள்ள. கை அப்படியே போயிருச்சு."

"இருக்கட்டும். சரியாத்தான் வந்திருக்கு."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

(இங்கே அவள் அம்மாவைக் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறேன். மகள் டாக்டர் என்று கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் அந்த அம்மாள். ஆகவே படிக்கட்டில் எம்னாவைக் கண்டால் கிழவர்கள் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுகிறார்கள். அவளும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறாள். படிப்பால் யாருக்காவது பயன்பட்டது இது ஒன்றுதான் என்று அவளே என்னிடம் சொன்னாள். சரி, இதோடு அம்மாள் போகட்டும்.)

3

பத்தியில் வைக்க அவளிடம் ஒரே ஒரு வரி இருந்தது. ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை. மனிதன் நடந்ததை நினைத்துச் சொல்லும்போதும், நடக்காததைக் கட்டிச் சொல்லும்போதும் மூளைக்குள் என்ன வித்தியாசம் என்பது பொருள். கட்டிச் சொல்லும்போது இடப்பக்கத்தில், லப்லாபி சூப் கிண்ணத்தில் கிடக்கும் கொண்டைக்கடலை அளவில் ஓர் இடம் விழித்துக்கொள்கிறதாம். பெரும்பாலோருக்குப் பேச்சு பிறப்பதும் அந்த இடப்பக்கத்தில்தான். ஆகவே பொய்யும் பேச்சும் உடன்பிறப்புகள். இதுதான் எம்னாவின் கண்டுபிடிப்பு, அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே சொத்து.

மூன்று வருஷத்துக்கு முன் நடந்த இந்த ஆய்வுக்குத் தலை கொடுத்த கிழவர்களில் நானும் ஒருவன். காந்தத்தால் படம் எடுக்கும் குழாய் அது. உள்ளே விடுவதற்கு முன் எம்னா கேட்டதெல்லாம் உடம்புக்குள் இருக்கும் உலோகத்தைப் பற்றித்தான். ஆணி உண்டா, குண்டுத் துணுக்கு உண்டா, பேஸ்மேக்கர் உண்டா? இருந்தால் அந்த அறையின் வாசலைக்கூடத் தாண்ட விடமாட்டாள். காந்தம் ஆளைக் கொன்றுவிடக்கூடும். பிறகு என் வலது நெற்றிப்பொட்டில் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். படத்தில் அது வெள்ளை முத்துப் போலத் தெரியும். எது வலப்பக்கம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

உள்ளே பச்சை விளக்கு எரிந்தால் நடந்ததையும், சிவப்பு எரிந்தால் நடக்காததையும் மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். சிவப்புக்கு என் கல்யாணத்தைச் சொன்னேன். பச்சைக்கு, பிஸெர்த்தா கடலில் நான் ஒரு சுறாவுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னேன்.

4

பத்திக்குக் கூலியாக, வரவேற்பறையில் மாட்ட என் மூளைப் படம் ஒன்று கேட்டேன். எம்னா கணினியைத் திறந்தாள். திரையில் முத்து இடப்பக்கம் இருந்தது.

"மாத்திரையை நீங்க மாத்தி ஒட்டிக்கிட்டீங்களா?"

"என் கையைத்தான் இடுப்போட சேர்த்துக் கட்டி வச்சியே."

மற்றத் தலைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் முத்து இடப்பக்கம்.

விஷயம் இதுதான். மருத்துவர்கள் மூளைப் படத்தை நோயாளி எதிரே நிற்பதுபோல் பார்ப்பார்கள். அவனுடைய வலது நமக்கு இடது. ஆய்வாளர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து படம் முதல் வகையில் வந்தது. எம்னா இரண்டாம் வகையில் படித்தாள். நடுவில் யாராவது ஒருமுறை திருப்பியிருக்க வேண்டும். ஆய்வை மேற்பார்த்த பேராசிரியர் முன்ஸிஃப் திருப்பிவிட்டார் என்று எம்னா நினைத்திருந்தாள். எம்னா திருப்பிவிட்டாள் என்று பேராசிரியர் நினைத்திருந்தார். முத்து காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் கணக்குப் போடும் மென்பொருள் முதல் வேலையாகத் தோலையும் மண்டையோட்டையும் உரித்துவிடும். முத்தும் அதோடு போய்விடும்.

கொண்டைக்கடலை முதலிலிருந்தே வலப்பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. பொய்யும் பேச்சும் உடன்பிறப்புகள் இல்லை.

(எங்கள் அரபி எழுத்து வலமிருந்து இடம் போகும். அவள் கட்டுரை எழுதிய பிரெஞ்சு இடமிருந்து வலம் போகும். இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த ஒருத்தி— இங்கே நல்ல உவமை ஒன்று கிடைக்கும் என்று பார்த்தேன். விட்டுவிடுகிறேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.)

"நான் சொந்தமாக் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான், அம் ஹாதி" என்றாள். "நான் தப்புங்கறது."

மறுநாள் முன்ஸிஃபிடம் போய்விட்டு வந்து, நடந்ததைப் படிக்கட்டில் உட்கார்ந்தபடி எனக்குச் சொன்னாள். அவர் காப்பியைக் கீழே வைக்காமலே கேட்டாராம்.

"இடதோ வலதோ, மண்டைக்குள்ளதானே மகளே இருக்கு?"

"கட்டுரையை வாபஸ் வாங்கணும், உஸ்தாத்."

"வாங்கிக்க. அப்புறம் லியோன்காரனுக்கு என்னத்த எழுதுவ? பொறந்தேன், பள்ளிக்கூடம் போனேன்னா?"

5

முடிவு, ஒன்று. வரியோடு பத்தி போகிறது, வேலை கிடைக்கிறது. அவளை நம்பி இன்னும் நாலு பேர் கொண்டைக்கடலையை இடப்பக்கம் தேடுகிறார்கள். அவர்கள் தேட, அவள் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். ஓய்வு பெறும்வரை நிற்கிறாள்.

முடிவு, இன்னொன்று. வாபஸ் வாங்குகிறாள். செப்டம்பரில் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். கிழவர்கள் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

மகிழ்ச்சியான முடிவு: வலப்பக்கம் என்பதே மாபெரும் கண்டுபிடிப்பு என்று உலகம்— வேண்டாம். சுறாவை நம்பியவர்கள்கூட இதை நம்பமாட்டார்கள்.

விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள். மூன்றாம் வரைவில் அந்த வரியின் இடத்தை மட்டும் காலியாக விட்டு அவளிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பித் தந்தாள்.

"நீங்களே நிரப்பிடுங்க. என்ன எழுதினாலும் அனுப்பிடறேன். எனக்கு இனிமே எந்தப் பக்கமும் தெரியல."

எம்னா மனித மூளையை ஆராய்பவர். அவர் ............................

என் பேனா இங்கே நின்றுவிட்டது. நீங்கள் எழுதுங்கள். அவள் மாடியில் விழித்திருக்கிறாள். நடக்கும் சத்தம் கேட்கிறது.

எனக்குப் பேஸ்மேக்கர் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது.