ஒரே ஷிப்ட்

மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையில் பெரியக்கா அடுத்த வாரத்து ஷிப்ட் போட்டுக்கொண்டிருந்தபோது, பெட்டிக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். அந்தச் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் அவள் பெரியக்காதான்; யார் எந்த வேளைக்கு வருவது, யாருக்கு என்றைக்கு லீவு என்பதெல்லாம் அவள் கையில். அவர் குடோன் ஆள். எந்நேரமும் கழுத்து வரைக்கும் அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வருவதால் பெட்டிக்காரர். இப்போது தூக்க ஒன்றும் இல்லாததால் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“எனக்கும் அவளுக்கும் ஒரே ஷிப்ட் போட முடியுமா? ஒண்ணா உக்காந்து சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு. நான் வீட்டுக்குப் போறப்ப அவ தூங்கிடுறா. நான் எழுந்துக்கிறப்ப அவ கெளம்பிடுறா. எங்க நேரம், எப்பவும் இப்படி மாத்தி மாத்தியே விழுது.”

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் பென்சில் நகரவில்லை. அவர்கள் நேரம் தானாக மாறி மாறி விழவில்லை, விழவைத்தவள் பெரியக்காதான்.

பெட்டிக்காரரின் மனைவி அதே கடையில் பில் போடுகிறவள். முன்பு குழந்தைகள் பிரிவில் இருந்தாள். போன வருஷம் அவர்களுடைய ஒரே குழந்தை போய்விட்டது. அன்று அவள் வேலையில் இருந்தாள், காய்ச்சலாகக் கிடந்த குழந்தையை அவர்தான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். அசந்து தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டார். அது தூக்கமில்லை. அவள் திரும்ப வேலைக்கு வந்தபோது, யாரும் கேட்காமலே பெரியக்கா அவளைக் குட்டிக் குட்டிச் செருப்புகளிடமிருந்து எடுத்து பில் மேஜைக்கு மாற்றினாள். ஆனால் அவள் வந்து கேட்டது வேறு.

“அவருக்குக் காலையில போட்டா எனக்கு சாயங்காலம் போடுங்கக்கா. அவருக்கு சாயங்காலம்னா எனக்குக் காலையில. லீவும் வேற வேற நாள். அவருக்குத் தெரிய வேண்டாம்.”

“சண்டையாம்மா?”

“சண்டை போட்டாத்தான் பரவாயில்லையே. எம்மூஞ்சியவே பாத்துட்டிருக்காருக்கா. உங்க மேல தப்பில்லன்னு நான் ஒரு வார்த்த சொல்லுவேன்னு காத்துட்டிருக்காரு. அது என் வாயில வர மாட்டேங்குது.”

அன்றிலிருந்து பெரியக்கா ஒவ்வொரு வாரமும் முதலில் அந்த இரண்டு பெயர்களைத்தான் எழுதுவாள், ஒன்றை இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும். மற்றவர்களை அதற்குப் பிறகுதான் இடுக்கில் சொருகுவாள். மாலையில் படிக்கப் போகிற பெண் முனகினாள். வயசான மாமியாரை வைத்துக்கொண்டிருப்பவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஓரவஞ்சனை என்று காதுபடவே பேசினார்கள். பெரியக்கா மறுவாரமும் அப்படியேதான் எழுதினாள்.

இன்றைக்கு ஏனோ மனசு மாறியது. பெரியக்காவின் கணவர் இறந்த பிறகு அவள் வீட்டில் பேச்சுத்துணைக்கு டி.வி. மட்டும்தான். சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை. இங்கே ஒரு மனுஷன் உயிரோடு நின்று, உன்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிறான். இவளுக்கு அதுகூடக் கசக்கிறதா என்று முதல்முறையாக அந்தப் பெண்மீது எரிச்சல் வந்தது. ஒரு வாரம் கூடவே இருந்தால் இளகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரண்டு பெயர்களையும் காலை ஷிப்டில் அடுத்தடுத்து எழுதினாள்.

சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பெரியக்காவைப் பார்த்தாள். பிறகு பில் மேஜைக்குப் போனாள்.

அடுத்த வாரம் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சாப்பாட்டு அறையில் பெட்டிக்காரர் டப்பாவைத் திறந்து, நல்லதாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிவைத்தார். அவள் தலைநிமிராமல் சாப்பிட்டாள். நடுவில் ஒருநாள் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அவர் பாட்டு முணுமுணுப்பது கேட்டது. கடையே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பெரியக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாரம் முடியும்போது அந்தப் பெண் அறைக்கு வந்து, பெயர் அட்டையையும் லாக்கர் சாவியையும் மேஜைமேல் வைத்தாள்.

“இனிமே எனக்கு ஷிப்ட் போட வேண்டாங்கக்கா. அண்ணன் ஊருக்குப் போறேன்.”

“என்னம்மா இது? அவரு எவ்வளவு சந்தோஷமா இருக்காரு!”

“ஆமா. நேத்து சிரிச்சாரு. பாப்பா போனதுக்கப்புறம் மொத தடவ.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுட்டாருக்கா. இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? பாக்காம இருந்தவரைக்கும் ஒரே வீட்டுல காலத்தத் தள்ளிட்டேன். இன்னமும் தள்ளியிருப்பேன்.”

“உனக்கு நல்லதுன்னுதான்...”

“தெரியுங்கக்கா.”

அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

“அவருக்கு?”

“அங்க போய்ச் சேந்துட்டு நானே சொல்றேன். நீங்க சொல்லிடாதீங்க.”

தலைவலி என்று கணவரிடம் சொல்லிவிட்டு, பாதி ஷிப்டிலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை கூட வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பிய பெட்டிக்காரர் நேரே அறைக்கு வந்தார். பெரியக்கா பெயர் அட்டையையும் சாவியையும் சட்டென்று மேஜை டிராயருக்குள் தள்ளினாள்.

“அக்கா, அடுத்த வாரமும் இதே மாதிரி போட்டுக் குடுங்க. முடிஞ்சா லீவும் ஒரே நாளா இருக்கட்டும். எங்கயாவது கூட்டிட்டுப் போறேன்.”

சொல்லிவிடலாம் என்று பெரியக்கா வாயைத் திறந்தாள். அவர் மேஜைமேல் குனிந்து, பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய பெயரை எழுதினாள். அதன் கீழே அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதினாள். ஒரே நாளுக்கு நேரே இரண்டு பேருக்கும் லீவுக் கோடு போட்டாள்.

தாளை அவரே வாங்கிக்கொண்டு போய் ஒட்டினார். ஆட்கள் கூடி, தங்கள் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். அவர் மட்டும் போகவில்லை. போனை எடுத்துத் தாளைப் படம்பிடித்து, மனைவிக்கு அனுப்பினார். குடோனிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “இதோ” என்று குரல் கொடுத்தவர், வெளிச்சம் அணைந்துபோன திரையைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டு அங்கேயே நின்றார்.