விடைக்கோழிகளின் இஷ்டம்

என் மாமனாருக்குத் தெருவில் ‘சூப்பர்வைசர்’ என்றுதான் பெயர். பாட்டில் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க ஒரே வேலை பார்த்தவர். வரிசையாக வரும் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குறை இருந்தால் ஒதுக்கித் தள்ள வேண்டும். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். அந்தப் பார்வையைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் டம்ளர், சட்டைப் பொத்தான், மருமகள் எல்லாமே அவர் கண்ணுக்குப் பாட்டில்தான்.

இந்த லட்சணத்தில் நான் வேறு மூன்று கோழிக்குஞ்சுகளை வாங்கிவந்து வளர்த்தேன். பல் செட் செய்யும் கூடத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் தலையெல்லாம் பிளாஸ்டர் தூசியோடு வந்து புழக்கடையில் உட்கார்ந்தால், மூன்றும் ஓடிவந்து செருப்பைக் கொத்தும். அந்த வீட்டில் என்னைக் கண்டதும் ஓடிவந்த ஜீவன்கள் அவை மட்டும்தான். என் கணவர் நல்லவர்தான், ஆனால் அவர் நடந்துதான் வருவார்.

குஞ்சுகள் வளர்ந்து, முட்டையிடும் பருவத்து விடைக்கோழிகள் ஆயின. கொண்டை சிவந்து, ஒருநாள் மூன்றில் செவலை முதல் முட்டையைப் போட்டது. நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமனார் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது என்னம்மா, சாம்பிளா?” என்றார்.

அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்து வந்ததில் இரண்டு மஞ்சள் கரு. பிறகு ஒன்று ஓடே இல்லாமல், வெறும் தோலோடு கையில் கொழகொழவென்று வந்தது. கருப்பி ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டது, இன்னொரு நாள் கிளையில் உட்கார்ந்தபடியே போட்டு உடைத்தது, பிறகு ஒரு வாரம் அதைப் பற்றிய யோசனையே இல்லாமல் மண்ணில் புரண்டது. புதிதாக முட்டையிட ஆரம்பிக்கும் கோழி அப்படித்தான். அந்த உடம்புக்கே இப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பிக்கிறது, பழகக் கொஞ்ச காலம் ஆகும். இதைச் சொன்னால் அவர் காதில் ஏறாது.

“மெஷின்னு ஒண்ணு ஓடுனா தினமும் ஒரே மாதிரி ஓடணும். இல்லன்னா கழட்டிப் போடணும்.”

தினமும் காலையில் அவர் தட்டில் ஒரு அவித்த முட்டை இருக்க வேண்டும். கடையில் வாங்கியதுதான் இத்தனை வருஷம் இருந்தது. இப்போது வீட்டிலேயே கோழி இருக்கிறது என்றதும் கடை முட்டையை நிறுத்திவிட்டார். விடிந்ததும் கூண்டைத் திறந்து, ஒவ்வொன்றாக றெக்கையைப் பிடித்துத் தூக்குவார், வயிற்றை அமுக்குவார், வாலுக்குக் கீழே விரலால் தடவி முட்டை வருகிறதா என்று பார்ப்பார். மூன்றும் போடும் கூச்சலில் தெருவே எழுந்துகொள்ளும். அப்புறம் எங்கிருந்து போடும்?

“மாமா, அதுங்கள இப்படித் தூக்காதீங்க. மிரண்டு போனா போடாது,” என்றேன்.

“நான் பாக்காம விட்டதாலதான் ஒழுங்கா போடலன்னு நெனச்சேன். பாத்தும் போடலன்னா சரக்கே சரியில்ல.”

கணவரிடம் போனேன். “அப்பாகிட்ட நான் பேசறேன்,” என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேசவும் செய்கிறார், என்னிடம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சரி, நம் கையில் இருப்பதைச் செய்வோம் என்று, வேலை செய்யும் கூடத்தில் ஒரு கடை முட்டையை அச்சுப் பசையில் அழுத்தி அச்சு எடுத்து, பல் செட்டுக்கு ஊற்றும் பிளாஸ்டரை ஊற்றி ஒரு முட்டை வார்த்தேன். இளம் கோழி எங்கே முட்டையைப் பார்க்கிறதோ அங்கேயே தானும் போய்ப் போடும். கண்ட இடத்தில் போட்டு உடைப்பதாவது குறையட்டும் என்று எண்ணம். பளபளவென்று தேய்த்து, நிறத்துக்குத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, வைக்கோலுக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது மாமனார் சாப்பாட்டு மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“பாத்தியா? கண்காணிப்பு இருந்தா எல்லாம் தானா நடக்கும். எவ்வளவு பெருசு, எவ்வளவு சுத்தம்! வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன், ஒரு கீறல் இல்ல.”

நான் அடுப்படிக்கு ஓடப் பார்த்தேன். அதற்குள் அத்தை, என் மாமியார், முட்டையை வேகவைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். மாமனார் கரண்டியால் தட்டினார். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். கரண்டி வளைந்தது. மேஜை ஓரத்தில் ஓங்கி அடித்தார், மேஜையில் சில்லு பெயர்ந்தது. என் கணவர் ரொட்டியை வாய்க்குப் பாதி தூரத்தில் நிறுத்திவிட்டு அப்படியே இருந்தார். நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அந்த வீட்டில் பிளாஸ்டரில் வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான் என்பது மாமனாருக்கும் அப்போது உறைத்தது.

“ஞாயித்துக்கெழம கறிக்கடைக்காரன வரச் சொல்றேன். மூணையும் அறுத்துரலாம். கறியாவாவது உருப்படியா இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்படியில் அத்தையிடம் கேட்டேன்: “அத்தை, கையில எடுத்தப்பவே தெரிஞ்சிருக்குமே?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் வேகவெச்சீங்க?”

“வேகவெக்கச் சொன்னாரு. வெச்சேன்,” என்றார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். நான் கூண்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

“நகரும்மா,” என்றார் மாமனார்.

“மாட்டேன்.”

“இது யாரு வீடு?”

“வீடு உங்களோடது மாமா. கோழி என்னோடது.”

“தெண்டத்துக்குத் தின்னுட்டுத் திரியறதுக்கு எதுக்குக் கோழி? போடும்னு உன்னால எழுதிக் குடுக்க முடியுமா?”

போடும், இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் சொல்லப் பிடிக்கவில்லை. கெஞ்சி வாங்குகிற உயிர் எத்தனை நாளைக்கு? மறுபடி ஒரு நாள் தவறினால் மறுபடி கத்தி வரும்.

“போடாட்டியும் அறுக்க விடமாட்டேன்,” என்றேன். “இனிமே ஒண்ணே ஒண்ணுகூடப் போடாட்டியும் இங்கதான் இருக்கும். அதோட முட்டை, அதோட உடம்பு. தோணுனா போடும்.”

கறிக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். என் கணவர் செருப்பைப் பார்த்தார். சத்தத்தில் மிரண்ட செவலை கூண்டுக்குள் ஒரு தோல்முட்டையை நழுவவிட்டது. அது பலகையில் விழுந்து பரவியது.

“பாரு, பாரு! இதுக்குத்தான் இத்தன வக்காலத்தா?” என்று மாமனார் என் தோளுக்கு மேலே கையை நீட்டினார்.

“என்னங்க.”

அத்தை வாசற்படியில் நின்றிருந்தார். கையெல்லாம் அரைத்த மசாலா. குரலை உயர்த்தவே இல்லை.

“நான் சமைக்க மாட்டேன்.”

“என்னது?”

“அறுத்தாலும் நான் சமைக்க மாட்டேன்.”

“நீ உள்ள போ. உனக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?” அத்தை படியிறங்கி வந்தார். “இந்த வீட்ல ஒரு நாள் தவறாம நடந்தது நான் ஒருத்திதான். காய்ச்சலோட எழுந்தேன். எங்கம்மா செத்துப்போன சேதி வந்த அன்னிக்கும் உங்க தட்டுல முட்டைய வெச்சுட்டுத்தான் கெளம்புனேன். ஒழுங்கா போட்டேனே, எனக்கு என்ன செஞ்சீங்க? உப்பு கம்மின்னீங்க.”

மாமனார் அவரைப் பார்த்தார். அத்தனை வருஷம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மனிதருக்கு எதிரில் நிற்பவளைப் பார்க்கத் தெரியவில்லை. நீட்டிய கை கீழே இறங்கியது.

“நான் வரேங்க,” என்று கறிக்கடைக்காரர் கத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நழுவினார்.

அத்தை மசாலாக் கையைத் தொட்டியில் கழுவினார். வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, கூண்டுக்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கூண்டைத் திறந்துவிட்டேன். கருப்பி முதலில் வெளியே வந்து, அத்தையின் கால் விரலை ஒரு கொத்து கொத்திப் பார்த்தது. அத்தை காலை இழுத்துக்கொள்ளவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. உள்ளே அடுப்பு அணைந்து கிடந்தது. மாமனார் இரண்டு தரம் வாசற்படி வரை வந்து திரும்பிப் போனார். மூன்றாம் தரம் நின்றார்.

“சாப்பாடு எப்போ?” என்று கேட்டார். குரல் வழக்கத்தைவிடத் தணிவாகத்தான் இருந்தது.

அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை. கருப்பிக்குத் தானியத்தை இறைத்துக்கொண்டே சொன்னார்.

“தோணும்போது.”