நூறாவது பெயர்

அந்த வசந்தத்தில் எங்கள் கடலோரச் சிற்றூர் கார்த்விக்கில் ஒரே பேச்சுதான். நாங்கள் தொண்ணூற்று ஒன்பது பேரா, நூறு பேரா?

வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு இல்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுத்து, மாவட்டத்தில் உள்ள ஊர்களை வரிசையாகப் பட்டியல் போடுவார்கள். நூற்றுக்குக் கீழே போன ஊருக்கு அதில் தனி இடம் கிடையாது. பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். எங்களுக்குப் பக்கத்து ஊர் ஹோம்ஸ்பி. பேருந்தை நிறுத்தலாமா, கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டலாமா என்று பேசுகிறவர்கள் கையில் அந்தப் பட்டியல்தான் இருக்கும். பட்டியலில் இல்லாத ஊருக்காக யார் பேசுவார்கள்? ஊராட்சி மன்றத்தின் எழுத்தர் என்பதால் இது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். முந்தைய குளிர்காலத்தில் கரை சரிந்து மூன்று வீடுகள் கடலுக்குள் போயின. அந்த வீடுகளிலிருந்த பதினொரு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

2011 மார்ச் இருபத்தேழு, ஞாயிறு, கணக்கு நாள். இரண்டு வாரம் முன்பே நான் வீடு வீடாக ஏறி இறங்கி எண்ண ஆரம்பித்துவிட்டேன். மதுக்கடை டெஸ்ஸுக்கு அது கொண்டாட்டம்.

"கெயில், என் நாயையும் எழுதிக்கோ. ஹோம்ஸ்பிக்காரங்களவிட அதுக்கு அறிவு ஜாஸ்தி."

"போடா. உன்னை எழுதுறதே பெரிய விஷயம்."

"என் வயித்தைப் பாரு. ரெண்டு பேருன்னு போட்டுக்கலாம்."

என் கணக்கு சரியாக நூற்றில் வந்து நின்றது. அந்த நூறு பேரில் ஒருவர் ஆட்ரி மெட்ஃபோர்த்.

ஆட்ரி பதினான்கு மாதமாக ஊரில் இல்லை. ஞாபகம் தப்பிப்போய் பிரிட்லிங்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஆறு மாதத்துக்கு மேல் அப்படி ஓரிடத்தில் தங்கிவிட்டவரை அங்கேதான் எண்ண வேண்டும். விதி எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய கணவர் ரெஜ், டிராக்டர் ஓட்டியே முதுகு வளைந்த எழுபத்தொன்பது வயதுக்காரர், கதவைத் திறந்ததும் சொன்னார்:

"ரெண்டு பேரு, கண்ணு. நானும் அவளும். ஈஸ்டருக்கு வந்துடுவா."

இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். பெரியவர் மனசு நோக வேண்டாமென்று விட்டேன் என டெஸ்ஸிடம் சொன்னேன். பொய். எனக்கு நூறு வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை ரெஜ் தொலைபேசியில் கூப்பிட்டார். கை நடுங்குகிறது, வீட்டுக்கு வந்த கணக்கெடுப்புப் படிவத்தை எழுதித்தர முடியுமா என்றார். போனேன். சமையலறை மேசைமேல் படிவமும் கறுப்புப் பேனாவும் தயாராக இருந்தன. அவருடைய பெயர், பிறந்த தேதி, பார்த்த வேலை எல்லாவற்றையும் நிரப்பினேன்.

"அடுத்தது ஆட்ரி. பிறந்த தேதி சொல்லுங்க."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"அவள எழுத வேணாம்." ரெஜ் கெட்டிலை அடுப்பில் வைத்தார். என் பக்கம் திரும்பாமலே பேசினார். "நேத்து டெஸ் கார்ல கூட்டிட்டுப் போனான். அங்கயும் ஆளுக்கொரு படிவம். நர்ஸ் பொண்ணு எழுதிக்கிட்டிருந்துச்சு. சும்மா வெளையாட்டுக்கு, 'ஆட்ரி, உங்க வீடு எங்க?'ன்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"'இதான். பன்னெண்டாம் நம்பர் ரூம். ஜன்னல்ல கடல் தெரியும் பாரு'ன்னா. அப்புறம் என்னைக் காட்டி, 'இவர் பாவம், ரொம்ப தூரத்துலேந்து வந்திருக்காரு, ஒரு டீ குடுங்க'ன்னா."

அப்போதே எழுந்து அவர் தோளைத் தொட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. வேறொன்று செய்தேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

"அது நோய் பேசுறது, ரெஜ். இது அவங்க வீடுதானே? எழுதினா ஒண்ணும் தப்பில்ல. யாரும் வந்து பாக்கப் போறதில்ல."

ரெஜ் திரும்பினார்.

"அங்க ஒரு தடவ எழுதியாச்சு. இங்கயும் எழுதினா ரெண்டு ஆட்ரி ஆயிடும். எனக்கு ஒருத்தியவே வெச்சுக்கத் துப்பில்ல."

"நான் சொல்ல வந்தது..."

"உனக்கு நூறு வேணும். தெரியும் கண்ணு. இந்தப் பதினாலு மாசத்துல ஒரு தடவ அவளப் போய்ப் பாத்தியா?"

"இல்ல."

"ஊரே போகல. டெஸ்கூட கார்லயேதான் உக்காந்திருந்தான். இப்ப மட்டும் அவ எல்லாருக்கும் வேணுமோ?"

கெட்டில் கொதித்தது. இருவரும் அதை எடுக்கவில்லை. இந்த வீட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் நான் 'ஒன்று' எழுதினேன். என் கையாலேயே கார்த்விக்கைத் தொண்ணூற்று ஒன்பதாக்கினேன். ரெஜ் கையெழுத்துப் போட வெகுநேரம் ஆனது.

மதுக்கடையில் எண்ணைச் சொன்னபோது டெஸ் ஒரு கேலியும் செய்யவில்லை. துணியை எடுத்து, துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தான்.

அதன்பின் மாதம் ஒருமுறை பிரிட்லிங்டன் போய் வந்தேன். ஆட்ரிக்கு நான் யாரென்று தெரியவில்லை. ஆனாலும் என் கோட்டைத் தொட்டுப் பார்த்து, நல்ல துணி என்பார். அந்த வருடம் நவம்பரில் இறந்துபோனார்.

பட்டியல் வெளிவர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. எதிர்பார்த்ததுதான். கார்த்விக் இல்லை. ஹோம்ஸ்பியின் எண்ணுக்குள் எங்களைப் போட்டுக் கலக்கிவிட்டிருந்தார்கள். அன்று பிற்பகல் ரெஜ் என் வீட்டுக்கு வந்தார். ஊரைப் பற்றிக் கேட்கப் போகிறார், என்ன சொல்வது என்று தடுமாறினேன். அவர் நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"பிரிட்லிங்டன் எவ்வளவுன்னு பாரு கண்ணு."

பார்த்தேன். முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம். கடைசி இலக்கம்வரை படித்துக் காட்டினேன்.

"கணக்கு எடுத்த அன்னிக்கு உயிரோட இருந்தவங்க எல்லாரும் இதுல இருப்பாங்கதானே?"

"எல்லாரும்."

"அப்ப அவ இருக்கா."

"இருக்காங்க, ரெஜ்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ படி. மெதுவா."