மஞ்சள் உமி

“கிணறு துடக்குப்பட்டுப் போச்சு, தீட்டு எண்டுறன், நீ…”

“துடக்கு எண்டால் நாறுமே, விதானையார்? துடக்குக்கு மணம்…”

“நான் கதைச்சு முடிக்கேல்லை!”

“நானும் முடிக்கேல்லை.”

கிணற்றின் இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேரும் கத்தினார்கள். அது பங்குக் கிணறு. அரைவாசி ஊர் அதிகாரியான விதானை கனகசபாபதிக்கு, அரைவாசி சிவக்கொழுந்துக்கு. தண்ணீர் அள்ளப் பக்கத்துக்கு ஒரு துலா, ஏற்றமரம். அயலில் மற்றதெல்லாம் உவர். வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் இது ஒன்றுதான். முப்பத்தாறாம் ஆண்டு மாரியில் வழுக்கையாறு கரை தெரியாமல் பெருகி வடிந்து பதினைந்து நாள். அன்று முதல் கிணற்றில் கூழ்முட்டை மணம். ஒழுங்கையில் மூன்று பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் சுருண்டு கிடந்தார்கள்.

“அந்த மீன்காரி லூர்த்தம்மா உன்ரை துலாவிலை கை வைச்சாளோ, இல்லையோ?”

“வைச்சாள். நான் காய்ச்சலிலை எழும்பேலாமல் கிடக்க, கொழும்புத்துறையிலை இருந்து மீன் கொண்டு வந்தவள் கடகத்தை இறக்கிவைச்சிட்டு எனக்குத் தண்ணி அள்ளித் தந்தாள். நீங்கள் அண்டைக்கு எங்கை நிண்டனீங்கள்? வேலிக்கு அங்காலை. எத்தினை வாளி அள்ளுறாள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

வேலிப் படலையடியில் நின்ற லூர்த்தம்மா கடகத்தைத் தலையில் தூக்கினாள்.

“அக்கா, நான் போறன். என்னாலை உங்களுக்கு ஏன்…”

“நில்லு லூர்த்தம்மா. நீ போனால் இவர் சொல்லுறது உண்மையாப் போடும்.”

கனகசபாபதி சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“கேள் சிவக்கொழுந்து. இண்டைக்குப் பின்னேரம் துடக்குக் கழிக்க ஐயர் வாறார். உவள் இனி உந்தப் படலைக்குள்ளை கால் வைக்கமாட்டாள் எண்டு நீ அவருக்கு முன்னாலை சொல்லவேணும். இல்லாட்டி உன்ரை துலாவை அறுத்து விழுத்துவன். பிறகு உவர்த் தண்ணியைக் குடி.”

“நல்லது. அப்ப உங்கடை பொச்சுமட்டைக் கிடங்கை ஆர் அறுத்து விழுத்துறது?”

விதானையின் வளவுப் பின்புறத்தில், முந்தி கல்லுடைத்த பள்ளமான கிடங்கு ஒன்று இருந்தது. கயிறு திரிக்கவென்று போன சித்திரையில் அதற்குள் இரண்டு வண்டில் தேங்காய்ப் பொச்சுமட்டை ஊறப்போட்டிருந்தார். மாரி வெள்ளம் அதை நிரப்பியது. இப்போது கறுத்த தண்ணீர் ஒரு மூலையில் சுழித்துச் சுழித்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“அதுக்கும் இதுக்கும் என்ன? அந்தத் தண்ணியைப் பூமி குடிக்குது.”

“பூமி குடிக்கேல்லை, விதானையார். நாங்கள் குடிக்கிறம்.”

“விசர்க் கதை! நடுவிலை நூறு முழம் கல்லு.”

“கல்லுக்குள்ளை ஓட்டை இல்லையோ? ஒரு கடகம் உமி எடுங்கோ. உங்கடை வீட்டு உமி. மஞ்சளிலை பிரட்டி எடுங்கோ, பிறகு என்ரை உமி எண்டு சொல்லக்கூடாது. உங்கடை கையாலை அந்தச் சுழியிலை கொட்டுங்கோ. இந்தக் கிணத்திலை வந்து மிதக்கும். உங்கடை ஏரம்பு இந்தக் கிணத்துக்கட்டிலை காவல் இருக்கட்டும். நானும் இவளும் வேலியோடை இருக்கிறம், கிணத்தைத் தொடமாட்டம்.”

“வராட்டி?”

“துலாவை நானே அறுத்துத் தாறன்.”

விதானை சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்க் கொட்டினார். கூலிக்கார ஏரம்பு கிணற்றுக்கட்டில் குந்தினான்.

வெயில் உச்சிக்கு வந்தது. தண்ணீரில் ஒன்றுமில்லை.

“அக்கா, வராட்டி?”

“வராட்டி உவர்த் தண்ணி. குழம்புக்கு உப்பு மிச்சம்.”

லூர்த்தம்மா சிரிக்கவில்லை. சிவக்கொழுந்தும் அதற்குமேல் பகிடி விடவில்லை. தன் துலாவை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தாள்.

விதானை சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தார்.

“என்ன சிவக்கொழுந்து, உமி வழியிலை இளைப்பாறுதோ?”

“உங்கடை கிடங்கிலை இருந்தெல்லோ வருது. மூக்கைப் பொத்திக்கொண்டு வாறதாலை சுணங்குது.”

மூன்று மணி இருக்கும். ஏரம்பு எழும்பி நின்று கிணற்றுக்குள் குனிந்தான்.

“நயினார்…”

“என்னடா?”

“பூவரசம் பூவாக்கும் எண்டு பாத்தன்.”

“பூவரசம் பூத்தான்.”

“இஞ்சை பூவரசு இல்லையே, நயினார்.”

“அள்ளடா!”

ஏரம்பு விதானையின் துலாவிலேயே வாளியை இறக்கினான். வாளி மேலே வந்தது. கலங்கிய தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாய் உமி சுற்றியது. விதானை ஒன்றை விரல் நுனியில் ஒற்றி எடுத்தார், மூக்கடியில் பிடித்தார். வேலியோரம் இருந்த இரண்டு பெண்களும் எழும்பி வந்தார்கள். வந்து, கிணற்றைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நின்றார்கள்.

“ஏரம்பு, நீ ஒருக்கால் கண்ணயர்ந்து போனாயோ?” விதானையின் குரல் இறங்கியிருந்தது.

ஏரம்பு சிவக்கொழுந்தைப் பார்த்தான். பிறகு வாளியைப் பார்த்தான்.

“என்ரை கடைசிப் பிள்ளைக்கும் மூண்டு நாளா வயித்தாலை போகுது, நயினார். நான் கண் மூடேல்லை.”

விதானை வாளியைக் கவிழ்க்கக் கை நீட்டினார். ஏரம்பு அதை விடவில்லை.

“சரி சரி. ஊருக்குத் தெரியவேண்டாம். உவளும் வந்து அள்ளட்டும். போதுமே?”

“போதாது.”

ஒழுங்கையில் மாட்டு வண்டில் ஒன்று நின்றது. குடையை மடக்கிக்கொண்டு, கும்பமும் மாவிலையும் தர்ப்பையுமாக ஐயர் படலையைத் திறந்தார். லூர்த்தம்மா தன்னையறியாமல் இரண்டடி பின்னுக்கு வைத்தாள். சிவக்கொழுந்து அவள் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“துடக்குக் கழிக்க ஐயர் வந்திட்டார், விதானையார். சொல்லுங்கோ, எங்கை கூட்டிக்கொண்டு போக? கிணத்தடிக்கோ, கிடங்கடிக்கோ?”