ரதிவோயின் ஆன்டெனாவுக்குப் பின்பக்கம்

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சந்தை கலையும் நேரத்தில், தோபோலிட்சா கிராமத்தில் ரதிவோய் வீட்டின் பின்பக்கம் சத்தம் நின்றுபோனது. அன்று சந்தையில் சிவப்பு மிளகாய் மலிவு, முலாம்பழம் முடிந்துவிட்டது. வெயில் வழக்கம்போல அடித்தது, தெருக்கோடி நாய் வழக்கம்போல வாயைத் திறந்து குரைத்தது, குரைப்பு மட்டும் வரவில்லை. முதலில் கண்டுபிடித்தவள் பின்தெருப் பெர்சிதா. அவள் வான்கோழிகளைக் கூப்பிட்டால் மூன்றாவது ஊர் வான்கோழிகளும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும், அப்படிப்பட்ட தொண்டை. அன்று வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு வான்கோழியும் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக அப்படித்தான் என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. தேவாலயத்துப் பக்கம் நடந்துபோகும்போது, பாதி வாக்கியத்தில் குரல் திரும்பி வந்தது. அந்த வாக்கியம் புருஷனைப் பற்றியது, நல்லதாக இல்லை, பாதிரியார் எதிரில் வந்துகொண்டிருந்தார்.

ஊரார் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே நடந்து எல்லையைக் கண்டுபிடித்தார்கள். ரதிவோய் வீட்டுத் தோட்டத்தில் புதிதாக நின்ற கம்பத்தின் அடியில் தொடங்கி, தர்ப்பூசணித் துண்டு மாதிரி விரிந்து, முற்றத்தில் தனியாக நின்ற கோடைச் சமையலறையை மூடி, பெர்சிதாவின் கொல்லையைத் தாண்டி, பாப்லார் மர வரிசையில் பாதியை விழுங்கி, மக்காச்சோள வயல் வரை போயிருந்தது அமைதி. அதற்கு உள்ளே டப்பா ஊமை, ஓரடி வெளியே வந்தால் டண் டண். கம்பத்தின் உச்சியில் ரதிவோயின் ஆன்டெனா ஜப்பானைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வகை ஆன்டெனாவுக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. முகம் பார்த்த பக்கம் சொன்னதைக் கொண்டுபோகும், அங்கே சொல்வதைக் கொண்டுவரும். முதுகுப் பக்கம் காது மந்தம். எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அவ்வளவு மந்தம். ரதிவோய் செய்தது கொஞ்சம் அதிகப்படியாகவே நன்றாக அமைந்துவிட்டது என்றுதான் ஊரில் முடிவு கட்டினார்கள்.

ரதிவோய் கூட்டுறவுப் பண்ணையில் நீர்ப்பாசனக் குழாய் மெக்கானிக், வீட்டில் அமெச்சூர் ரேடியோக்காரர். யூகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்த கடைசி வருடங்கள் அவை. அந்த வருடம் மார்ச்சில் அவருடைய மகன் நெனாத் தீசா ஆற்றில் போய்விட்டான். படகில் போனவன் படகிலிருந்து விழவில்லை. திரும்பி வந்து, படகைக் கரையில் கட்டையோடு அருமையாகக் கட்டிவிட்டு, ஈரக் கரையில் கால் வழுக்கி விழுந்தான். கூம் காவ்ரா, அதாவது ரதிவோயின் கல்யாணத்தில் சாட்சியாகவும் நெனாதின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாகவும் நின்ற அந்த வீட்டுக் கூம், கட்டையிலிருந்து கயிற்றை முடிச்சு அவிழாமல் வளையத்தோடு உருவி எடுத்து வந்தான். நெனாதின் அம்மா ஸ்லாத்தா அதைக் கோடைச் சமையலறையில் ஓர் ஆணியில் மாட்டினாள். நெனாதின் கை கடைசியாகச் செய்த வேலை அந்த முடிச்சு.

ரதிவோய் அழவில்லை. அழக்கூடாது என்று இருந்ததாகவும் தெரியவில்லை, அவருக்கு எதுவுமே தெரியவில்லை. அடுப்பிலிருந்து சூப் பானையை வெறுங்கையால் தூக்கி மேஜைக்குக் கொண்டுவந்தார். பிளம் பிராந்தியைத் தண்ணீராகக் குடித்துவிட்டு, தண்ணீர் கேட்டார். கோடையில் ஒரு குளவி அவர் கழுத்தில் கொட்டியது, அவர் திரும்பிக்கூடப் பார்க்காததில் அவமானம் தாங்காமல் அங்கேயே விழுந்து செத்தது. யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "அஞ்சு-ஒம்பது" என்றார். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்பதை எண்ணில் சொல்வார்கள், ஐந்து-ஒன்பது என்றால் கண்ணாடி மாதிரித் தெளிவு. யார் அதிகம் பேரோடு பேசுகிறார்கள் என்ற போட்டி நாட்களில் எல்லோரும் எல்லோருக்கும் அதையேதான் கொடுப்பார்கள். கொடுத்த கையோடு, "ஒண்ணுமே கேக்கல, உங்க பேரத் திரும்பச் சொல்லுங்க" என்பார்கள். நாற்பதாம் நாள் சடங்கில் கைகுலுக்கியவர்கள் அத்தனை பேருக்கும் ரதிவோய் ஐந்து-ஒன்பது கொடுத்தார்.

அறுவடை முடிந்ததும் காவ்ராவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆன்டெனாவைச் செய்யத் தொடங்கினார். பண்ணை கழித்துப்போட்ட அலுமினியக் குழாய்களில் தடிமனானது நடுத்தண்டு. அதன்மேல் மீன் முள் மாதிரிக் குறுக்கே ஐந்து குழாய்கள், எல்லாவற்றிலும் நீளமானது கடைசியில், அதுதான் பின்குழாய். முற்றத்தில் மரத் தாங்கிகளை வரிசையாக நிறுத்தி, அதன்மேல் போட்டு அளந்தார்கள், அறுத்தார்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிளிப்பு போட்டு முறுக்கினார்கள். மூட்டுகளுக்கு கிரீஸ் தீர்ந்துபோனதால் காவ்ரா ஸ்லாத்தாவின் பன்றிக்கொழுப்பு ஜாடியைத் தூக்கி வந்தான். அதற்குப் பிறகு தோபோலிட்சாவின் பூனைகள் அத்தனையும் அந்த முற்றத்தில்தான் குடியிருந்தன. ஒரு பூனை நடுத்தண்டுக்குள் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் இரண்டு சுற்றுப் பெருத்து வெளியே வந்தது.

"கூமே, ஒன் பொண்டாட்டி கொழுப்ப ஜப்பான்காரன் நக்கப் போறான்" என்றான் காவ்ரா.

"ஸ்பேனரக் குடு."

"சிரிச்சாத்தான் என்னய்யா? பல்லு கொட்டிடுமா?"

"பதிமூணாம் நம்பர்."

காவ்ரா ஸ்பேனரைக் கொடுத்தான். அவன் வாய் ஓய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். நீளக் குழாய்க்குள் கயிறு போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கோஷாவா காற்றில் குழாய் பாடத் தொடங்கி, நடுங்கி நடுங்கி, ஒருநாள் ஒடிந்துவிடும். மற்ற குழாய்களுக்குப் பண்ணைக் கயிறு சரியாக இருந்தது. பின்குழாய்க்குப் போதவில்லை. ரதிவோய் சமையலறைக்குள் போய், ஆணியில் தொங்கியதை எடுத்து வந்தார்.

"கூமே" என்றான் காவ்ரா. "இது..."

"கயிறுதான?"

"கயிறுதான்."

"நீளம் பத்துமா?"

"பத்தும்."

கயிறு உள்ளே போனது, முடிச்சு போகவில்லை. அவிழ்த்தால் போகும். ரதிவோய் முடிச்சைக் குழாய் வாயிலேயே அடைத்து, மேலே ரப்பர் மூடியை அடித்து இறுக்கினார். சுத்தியல் ஒருமுறை கட்டைவிரலில் விழுந்தது. காவ்ராதான் "ஐயோ" என்றான்.

டிராக்டரால் தூக்கி, கம்பத்தில் ஏற்றி, லாரியின் வைப்பர் மோட்டாரால் வடகிழக்கே திருப்பி நிறுத்திய அந்த வியாழக்கிழமைதான் மேலே சொன்னது. முகப் பக்கம் எல்லாம் பிரமாதம். ஜப்பானில் ஒருவர் ரதிவோயின் குரல் கேட்டு மேஜையில் தேநீர் தளும்புகிறது, தயவுசெய்து கொஞ்சம் மெல்லப் பேசுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். முதுகுப் பக்கத்துக்கும் ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. அழுகிற குழந்தைகளைத் தொட்டிலோடு பெர்சிதா கொல்லையில் கொண்டுவந்து விட்டார்கள். மாதம் ஒருமுறை வருகிற பல் டாக்டர் நாற்காலியைப் பாப்லார் மரத்தடிக்கு மாற்றிக்கொண்டார், அதன்பின் அவரைப் போல வலிக்காமல் பல் பிடுங்குகிறவர் பனாத் வட்டாரம் முழுவதிலும் இல்லை என்று பெயர் வாங்கினார். கிறிஸ்துமஸுக்குப் பன்றி அறுத்ததும் அங்கேதான். சம்பந்திகள் சண்டையும் அங்கேதான், யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாததால் சண்டை முடிந்ததும் சேர்ந்தே சாப்பிடப் போனார்கள்.

ஒருத்திக்கு மட்டும் அது சரிப்படவில்லை. ஸ்லாத்தாவின் சமையலறை அந்த அமைதியின் நடுவயிற்றில் இருந்தது. ஆன்டெனா ஏறிய அன்றே, வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, அவள் ஜன்னலுக்கு வந்து கேட்டாள். அவளிடம் கேட்பதற்கு அந்த ஒரு கேள்விதான் இருந்தது. எதிரே ரேடியோ அறையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த ரதிவோய்க்கு அவள் வாய் அசைவது தெரிந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஐந்து-ஒன்பது. மறுநாளும் கேட்டாள், அடுத்த நாளும் கேட்டாள். முற்றத்தைத் தாண்டி வந்தால் அவள் குரலுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் சத்தம் உள்ள இடத்துக்கு வந்ததும் அவள் சூப் ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயமோ என்னவோ, கேள்வியை சத்தமில்லாத இடத்திலேயே வைத்திருந்தாள்.

பெர்சிதாதான் தாங்காமல் வந்து நின்றாள்.

"ஏன்யா ரதிவோய், அந்தச் சனியன ஒரு பக்கமாத் திருப்பேன். எத்தன மாசமா பொண்டாட்டி ஜன்னல்ல மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடிட்டு நிக்கிறா?"

"ஜப்பான் அங்கதான் இருக்கு."

"ஜப்பான் எங்கயும் ஓடிராது. அவ ஓடிருவா."

"நீயே ஓடல, பெர்சிதா."

"எனக்கு வான்கோழி இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?"

ரதிவோய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். உள்ளே ஏதோ ஒரு தீவிலிருந்து ஒருவர் அவருக்கு ஐந்து-ஒன்பது கொடுத்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில், முதலாண்டு நினைவுக்கு முந்தைய நாள், கோஷாவா வந்தது. அது எப்போதும் வருகிற காற்றுதான், ஆனால் அந்த முறை வயலில் மேய்ந்த வாத்துகள் பின்பக்கமாகவே பக்கத்து நாட்டுக்குப் போயின, பாதிரியாரின் தாடி பக்கத்து வீட்டுக் கதவில் மாட்டிக்கொண்டது. மதியவாக்கில் கம்பம் சமையலறைப் பக்கமாகச் சாய்ந்தது. பின்குழாயின் முனை இறங்கி வந்து சமையலறைக் கூரை ஓட்டைத் தொட்டது, ரப்பர் மூடி கழன்று பறந்தது, முடிச்சு வாயிலிருந்து வெளியே வந்து தொங்கியது.

நீர்ப்பாசனக் குழாயில் வால்வைத் திறந்தால் முதலில் காற்று சீறும், பிறகு துரு வரும், பிறகு தண்ணீர். அந்தக் குழாயிலிருந்து அந்த வரிசையில் சத்தம் கொட்டியது. முதலில் நாய்க் குரைப்புகள், ஐந்து மாதக் குரைப்பு மொத்தமாக. பிறகு வான்கோழிகள், தொட்டில் குழந்தைகள், கிறிஸ்துமஸ் பன்றி. பல் டாக்டரின் நோயாளிகள் கதறியதைக் கேட்டு டாக்டர் அந்த நிமிடமே காரைக் கிளப்பிப் போனவர்தான். சம்பந்திகள் சொன்னவை எல்லாம் தெளிவாகக் கேட்டன, இரண்டு கல்யாணம் அங்கேயே முறிந்தது. தெருவில் ஊரே திரண்டு நின்றது. கடைசியில் எல்லாம் வடிந்த பிறகு ஸ்லாத்தாவின் குரல் வந்தது. கத்தல் இல்லை, அழுகை இல்லை, உப்பு எங்கே என்று கேட்கிற குரல்.

"ரதிவோய், கயிறு எங்க?"

கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியும் அவளுடையதுதான்.

"ரதிவோய், கயிறு எங்க?"

ஒவ்வொரு நாளைக்கும் ஒன்றாக வந்தது. காவ்ரா தொப்பியைக் கழற்றினான். பெர்சிதா வாழ்நாளில் முதல்முறையாக, சத்தம் இருக்கிற இடத்தில் பேசாமல் நின்றாள். ஸ்லாத்தா கையில், மறுநாள் கல்லறைப் படையலுக்கு வேகவைத்த, அரைகுறையாக வெந்த கோதுமைப் பாத்திரத்தோடு சமையலறை வாசலில் நின்று, தன் குரலை யாரோ ஒருத்தியின் குரலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரதிவோய் ஹெட்போனைக் கழற்றினார். ஏணியைச் சாய்த்து, சமையலறைக் கூரை மேல் ஏறினார். ஆடிக்கொண்டிருந்த குழாயை மார்போடு அணைத்துப் பிடித்து, கயிற்றை இழுக்கத் தொடங்கினார். குழாய் வாயின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. உள்ளங்கையில் ஏறியது.

"ஸ்ஸ்..." என்றார்.

சின்னச் சத்தம்தான். காற்றையும் மீறி அது தெருக்கோடி வரை கேட்டது.

"கூமே, என்ன?" என்று கத்தினான் காவ்ரா.

"வலிக்குதுடா."

அதைச் சொல்லிவிட்டு அவர் கூரை மேலேயே உட்கார்ந்தார். கையைப் பார்த்தார். சூப் பானையும் குளவியும் சுத்தியலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வலித்திருக்க வேண்டும், வரிசையில் அவற்றுக்குப் பின்னால் நின்றதும் வந்திருக்க வேண்டும். இருட்டும் வரை அவர் இறங்கவில்லை, அத்தனை நேரமும் அந்தக் குளவிக்கே அழுதார் என்று பெர்சிதா பிற்பாடு சொன்னாள். ஒருவரும் மேலே போகவில்லை. ஸ்லாத்தா மட்டும் கோதுமையை மறுபடி அடுப்பில் வைத்துவிட்டு வந்து ஏணியடியில் நின்றாள்.

"முடிச்சு?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"அவுத்தியா?"

"இல்ல. அவுக்கல."

"சரி, எறங்கி வா. கோதும அடிப்பிடிக்குது."

மறுநாள் கல்லறைக்குப் போய் வந்தார்கள். கம்பத்தை நிமிர்த்தி, ஆன்டெனாவை மறுபடி ஜப்பானுக்கே திருப்பி நிறுத்தினார்கள். பின்குழாயில் வேறு கயிறு போட ரதிவோய்க்குத் தோன்றவில்லை, கோஷாவா அடித்தால் அது பாடுகிறது. இதுவரை ஒடியவில்லை. உங்கள் குரலுக்குப் பின்னால் யாரோ முனகுவது போல் இருக்கிறதே என்று ஜப்பான்காரர் கேட்டபோது, எங்கள் ஊர்க் காற்று என்றார். போட்டிகளில் கேட்டதைக் கேட்டபடி நான்கு-இரண்டு, மூன்று-ஒன்று என்று சொல்லத் தொடங்கினார். எதிராளிகள் மனம் புண்பட்டு அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டதால், அந்த வருடப் போட்டியில் தோபோலிட்சா கடைசிக்கு ஒன்று முன்னால் வந்தது. கடைசியில் வந்தவரின் கருவியில் மின்னல் விழுந்திருந்தது.

தெருவுக்குச் சத்தம் திரும்பிவிட்டது, சில பேருக்கு அதில் வருத்தம். அமைதி மட்டும் முழுதாகப் போய்விடவில்லை. கயிறு பழைய ஆணியில் முடிச்சோடு தொங்குகிறது. அதைச் சுற்றி இரண்டு சாண் தூரத்துக்கு இன்றும் எந்தச் சத்தமும் கிடையாது, ஈ அந்தப் பக்கம் பறந்தால் இடையில் அணைந்து மறுபடி எரிகிறது அதன் ரீங்காரம். கோடையில் பழைய ஃப்ரிட்ஜ் தாங்கமுடியாமல் உறுமத் தொடங்கியபோது, ஸ்லாத்தா அதைத் தள்ளிக்கொண்டுபோய் ஆணிக்கு அடியில் வைத்தாள். அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று இப்போது காதால் சொல்ல முடியாது, உள்ளங்கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ரதிவோய் தினமும் காலையில் வந்து வைத்துப் பார்க்கிறார்.