டபுள் பாஸ்காரரின் இடது கை

சந்திரமௌலி வீட்டில் அதிகம் பேசமாட்டார். காப்பி வேண்டும் என்றால் டம்ளரைப் பார்ப்பார். ஆபீஸுக்குக் கிளம்பும்போது "வரேன்" என்பார், திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். அதே மனிதர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பல்கூடத் தேய்க்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத அறுபது பேருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதுவார். அவர் மனைவி ஹம்சாவுக்கு இதில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான். இவ்வளவு வார்த்தைகளை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்?

2001ஆம் வருஷம். டெல்லி கிட்வாய் நகரில் இரண்டு அறை அரசாங்கக் குவார்ட்டர்ஸ். சந்திரமௌலி ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். லோதி ரோடு ஆபீஸுக்கு சைக்கிளில் போவார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்ம்ருதிக்காக என்று சொல்லித்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதில் ஸ்ம்ருதி உட்கார்ந்ததைவிட அதற்காகக் காத்திருந்ததுதான் அதிகம்.

அவர் சேர்ந்திருந்தது ஒரு ஈமெயில் குழு. பழைய ஜாஸ் இசை, பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படங்கள், இந்த இரண்டிலும் பைத்தியமானவர்கள் அதில் இருந்தார்கள். ஒருவர் எழுதினால் அறுபது பேருக்கும் போகும். ஓஹையோவில் வால்டர் என்று ஒருவர், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். லிஸ்பனில் தெரேசா என்று ஒரு பல் டாக்டர். இவர்களுக்கு சந்திரமௌலி 'டெல்லி மிஸ்டர் மௌலி'. அவர் நகைச்சுவையாக எழுதுகிறவர் என்று குழுவில் பெயர். ஹம்சா இதைக் கேள்விப்பட்டபோது, வேறு ஏதோ மௌலியைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

அந்தக் கோடையில் குழுவே இரண்டாகப் பிளந்தது. காரணம் ஒரு துப்பறியும் படத்தில் வரும் பதினொரு விநாடிக் காட்சி. கதாநாயகி ஒரு கிளப்பில் வில்லனுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஐந்து பேர் வாசிக்கிறார்கள். அதில் டபுள் பாஸ் வாசிப்பவர் யார்? டபுள் பாஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் வாத்தியம், வயலினுக்குப் பெரியப்பா மாதிரி. மற்ற நாலு பேர் யாரென்று எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நாலு பேருமே பேர்போன வாத்தியக்காரர்கள். ஐந்தாவது ஆள்தான் பிடிபடவில்லை.

வால்டர், காதால் கேட்டால் சந்தேகமே இல்லை, அது ஜாஸ் உலகத்தின் மகா மேதை ஒருவரின் வாசிப்பு என்றார். தெரேசா, மேதையின் புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், அந்தப் பல் அவர் பல்லே இல்லை என்றார். காதுக் கட்சி, பல் கட்சி என்று இரண்டு அணி சேர்ந்தது. சந்திரமௌலி காதுக் கட்சி. மூன்று மாதம் எழுதித் தீர்த்தார்கள். சிலர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே விலகினார்கள். இரண்டு நாளில், யார் என்ன எழுதினார்கள் என்று தெரியாமல் இருக்கமுடியாமல், திரும்பி வந்தார்கள்.

வால்டர் அந்தப் படத்தை வீடியோ டேப்பில் பதிந்து சந்திரமௌலிக்கு அனுப்பினார். நம் ஊர் வீ.சி.ஆரில் ஓடுமா என்று கேட்க அவர் பாலிகா பஜாருக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் டேப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அமெரிக்கா டேப் ஹை, பாயி சாப். சலேகா, மகர் கலர் நஹி ஆயேகா" என்றார். ஓடும், ஆனால் கலர் வராது. "படமே கறுப்பு வெள்ளை, கலரை நானும் எதிர்பார்க்கவில்லை" என்று சந்திரமௌலி ஹிந்தியில் சொன்னார். கடைக்காரர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அதைக் குழுவுக்கு எழுதினார். அறுபது பேரும் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டேப்பை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் உறைந்து நடுங்கும் முகத்தின் காதை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். ஹம்சா பீன்ஸும் தட்டுமாக வந்து கட்டிலில் உட்கார்ந்து நார் உரிக்க ஆரம்பித்தாள். பதினொரு விநாடி. மறுபடி பதினொரு விநாடி. தட்டில் பாதி பீன்ஸ் முடிந்தது.

"ஏன்னா, அந்த மனுஷனைப் போட்டு எதுக்கு இப்படிப் படுத்தறேள்?"

"அவர் யாருன்னு கண்டுபிடிக்கணும்."

"யாரா இருந்தா என்ன? அவர்தான் வாசிக்கவே இல்லையே."

சந்திரமௌலி ஸ்கேலைக் கீழே வைத்தார். "வாசிக்கலையா? என்ன சொல்றே? நன்னாக் கேக்கறதே."

"கேக்கறது. வாசிக்கறது இவர் இல்லை. இடது கையைப் பாருங்கோ. சுரம் மேல போறது, கீழ வரது, மறுபடி மேல போறது. கை மட்டும் பசை போட்டு ஒட்டினாப்ல ஒரே எடத்துல இருக்கு. மாடியாத்து கௌஷிக், சாதகமே பண்ணாம வருவானே, அவன்கூட விரலை நகத்துவான்."

ஹம்சா கும்பகோணத்தில் எட்டு வருஷம் வயலின் கற்றவள். சாயங்காலங்களில் காலனிக் குழந்தைகள் நாலு பேருக்குச் சொல்லித் தருகிறாள். யார் எதிரில் உட்கார்ந்து வாசித்தாலும் அவள் கண் போவது விரலுக்குத்தான்.

"அம்மா சஹி போல் ரஹி ஹை, அப்பா" என்றாள் ஸ்ம்ருதி, கதவோரம் நின்றபடி. அம்மா சொல்வது சரி. "கை நகரவே இல்லை."

சந்திரமௌலி மறுபடி போட்டார். மூன்றாம் முறை அவருக்கும் தெரிந்தது. அந்த ஆள் தந்தியைத் தட்டுவது போல வலது கையைத் தாளத்துக்கு ஆட்டுகிறான், இடது கை கம்பத்தைப் பிடித்ததுபோல் நிற்கிறது. இசையை முன்னாலேயே பதிவு செய்துவிட்டுப் படப்பிடிப்பில் வேறு ஆளை நிறுத்துவது அந்தக் காலத்தில் சகஜம் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐந்தில் நாலு பேர் அசல் என்றதும் ஐந்தாவது ஆளை யாரும் சந்தேகப்படவில்லை. காதுக் கட்சிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். பல் கட்சிக்காரர்கள் கழுத்துக்குக் கீழே பார்க்கவே இல்லை. சத்தம் மேதையுடையது, பல் வேறு யாருடையதோ. இரண்டு கட்சியும் சரி!

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுத உட்கார்ந்தார். 'நேற்று என் மனைவி' என்று ஆரம்பித்தார். விரல் நின்றது. மூன்று மாதமாக அறுபது பண்டிதர்கள் மோதிய விஷயத்தை பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி தீர்த்துவைத்தாள் என்றால் நன்றாகவா இருக்கும்? குழுவின் மரியாதை என்ன ஆவது? குழுவின் மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று பிற்பாடு அவரே சொன்னார். அழித்துவிட்டு, 'நேற்று எனக்குத் திடீரென்று ஒன்று பட்டது' என்று எழுதி அனுப்பினார்.

பதில்கள் கொட்டின. விலகிப் போயிருந்த கடைசி இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். 'மூன்று மாதமாக நான் பல்லைப் பார்த்தேன், நீங்கள் கையைப் பார்த்தீர்கள்' என்று தெரேசா எழுதினார். வால்டர், டெல்லியில் ஒரு கழுகு இருக்கிறது என்றார். சந்திரமௌலி இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவினார். சாம்பார் நன்றாக இருக்கிறது என்று, யாரும் கேட்காமலே சொன்னார். அப்போதே ஹம்சாவுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது.

புதன்கிழமை அவர் குளிக்கப் போன நேரம். ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக ஸ்ம்ருதி அவசரமாக உட்கார்ந்தாள். அப்பாவின் கடிதமும் அதற்கு வந்த பதில்களும் மூடப்படாமல் திறந்து கிடந்தன. படித்தாள்.

"அம்மா! ஜல்தி வா. அப்பா நே தோ அப்னா நாம் லிக் தியா! நீ பார்த்ததை அவர் பார்த்தேன்னு போட்டிருக்கார்."

சந்திரமௌலி துண்டோடு வெளியே வந்தபோது இருவரும் திரை முன்னால் நின்றிருந்தார்கள். ஹம்சா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"கழுகாமே?" என்றாள்.

"அது... வந்து... சும்மா சுருக்கமா எழுதலாமேன்னு..."

"சரிதான். போன வருஷம் நீங்க எழுதின ஆபீஸ் நோட்டை உங்க டெபுடி செக்ரட்டரி தன் பேர்ல மேல அனுப்பினார். மூணு நாள் சரியாச் சாப்பிடலை நீங்க. ரசத்தைக்கூட ஒதுக்கினேள். அவரும் சும்மா சுருக்கமா எழுதலாமேன்னுதான் நெனச்சிருப்பார், பாவம்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். சந்திரமௌலி துண்டோடு அங்கேயே நின்றார். "அப்பா, ஷர்ட் போட்டுக்கோ, ஆபீஸ் லேட் ஆறது" என்றாள் ஸ்ம்ருதி.

அன்று சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் மனத்துக்குள் கடிதம் எழுதிப் பார்த்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. முப்பது வருஷம் அரசாங்கத்தில் வேலை பார்த்தவருக்குத் தப்பை ஒப்புக்கொள்ள ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை காலை அறுபது பேருக்கும் இப்படி ஒரு கடிதம் போயிற்று:

'திருத்தம். இவ்வாரம் திங்கட்கிழமை அனுப்பப்பட்ட கடிதத்தில், முதல் வரியில், "எனக்கு" என்று வரும் இடத்தில் "என் மனைவி ஹம்சாவுக்கு" என்று வாசிக்கவும். கடிதத்தில் பின்னர் வரும் ஏழு "நான்"களுக்கும் இது பொருந்தும். தவறுக்கு வருந்துகிறேன். மௌலி.'

அவர் எழுதியதிலேயே அதுதான் மிகவும் நகைச்சுவையான கடிதம் என்று குழு கொண்டாடியது. அவர் தமாஷுக்காக எழுதவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. வால்டர் தனியாக ஒரு கடிதம் போட்டார். 'மிஸஸ் ஹம்சாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள்' என்று தலைப்பு. ஒன்பது படங்கள், ஒன்பது காட்சிகள், டேப் தபாலில் வரும் என்று ஒரு குறிப்பு.

"நீயே பதில் சொல்லு, நான் டைப் பண்றேன்" என்றார் சந்திரமௌலி.

"எனக்கென்ன வேற வேலை இல்லையா?" என்றாள் ஹம்சா. ஆனால் டேப் வந்த ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ் தட்டு இல்லாமலே வந்து உட்கார்ந்தாள்.

ஜாஸ் அவளுக்குப் பிடிக்கவில்லை. டிரம்பெட்காரனுக்கு யார் மேல் இத்தனை கோபம் என்று கேட்டாள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டச் சொன்னாள். பிறகு விரலைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னாள். "இவன் நிஜம். இவன் பொய். இவன் கத்துண்டிருக்கான், பாதில விட்டுட்டான்." மூன்றாவது தீர்ப்பு குழுவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. யாராவது அரைகுறையாக எழுதினால், 'இவர் பாதியில் விட்டவர்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சந்திரமௌலிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் இப்போது, 'மௌலி, தயவுசெய்து உங்கள் மனைவியைக் கேட்டுச் சொல்லுங்கள்' என்றே தொடங்கின. ஓரிரு தடவை அவள் சொன்ன தீர்ப்போடு தன் கருத்தும் இரண்டு பாரா சேர்த்து அனுப்பிப் பார்த்தார். அந்தப் பாராக்களுக்கு யாரும் பதில் எழுதவில்லை.

குளிர்காலம் வந்தது. எல்லோரும் தங்களுக்குப் பிடித்த ஒரு பியானோ காட்சியைப் பற்றி எழுதுவது என்று குழுவில் தீர்மானம் ஆயிற்று. சந்திரமௌலி இதற்காகவே பிறந்தவர் மாதிரி எழுதினார். கல்லூரி நாளில் ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில் பார்த்த படம். அதில் பியானோ வாசிக்கும் கலைஞரின் விரல்களைப் பற்றி மூன்று பக்கம். அந்த முகத்தில் இருக்கிற துக்கம் அப்படியே விரல் நுனிக்கு இறங்கி வருகிறது என்று ஒரு வரி. அந்த வரியை எழுதும்போது அவருக்கே கண் கலங்கிற்று. காலையில் அனுப்பினார். ஒன்பது மணிக்குள் பதினான்கு பேர் பாராட்டிவிட்டார்கள்.

அந்த சந்தோஷத்தில் அந்தப் படத்தின் டேப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹம்சா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே ஒருமுறை டி.வி.யைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு துணியோடு உள்ளே போகத் திரும்பினாள்.

"என்ன?" என்றார் சந்திரமௌலி.

"ஒண்ணுமில்லை. நன்னா இருக்கு."

"ஹம்சா."

"ஒண்ணுமில்லைன்னேனே."

"சொல்லு. பரவாயில்லை."

அவள் தயங்கினாள். "மொகத்தோட சேர்ந்து வர கை ஒண்ணு. கிட்டக்கக் காட்டறாளே, அந்தக் கை வேற. அந்தக் கைல சுண்டுவிரல் உள்பக்கமா வளைஞ்சிருக்கு."

அவர் பார்த்தார். நிறுத்திப் பார்த்தார். சுண்டுவிரல் வளைந்திருந்தது. முப்பது வருஷமாக அவர் யாருடைய முகத்தின் துக்கத்தையோ வேறு யாருடைய கையிலோ பார்த்துவந்திருக்கிறார்.

"நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் ஹம்சா. "அவா யாரும் கேக்கலையே. அழகா எழுதியிருக்கேள். ஸ்ம்ருதி படிச்சுக் காட்டினா. அப்படியே இருக்கட்டும்."

மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, டெலிபோன் இணைப்பு கிடைக்கும்வரை அந்தக் கரகரப்புச் சத்தத்தைப் பொறுமையாகக் கேட்டு, எழுதினார். காலையில் நான் எழுதியதில் முகம் மட்டும் நிஜம். கை வேறு ஒருவருடையது. அவர் யாரென்று தெரியவில்லை, சுண்டுவிரல் வளைந்தவர். தெரிந்தவர்கள் சொன்னால் அவருக்கும் ஒரு மூன்று பக்கம் எழுத விரும்புகிறேன். இதைப் பார்த்தவள் ஹம்சா.

அனுப்பிவிட்டுத் திரும்பினார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். டி.வி.யில் சத்தத்தைக் கூட்டி, பியானோவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படி வாசிக்கறார்?" என்று கேட்டார்.

"நன்னாத்தான் வாசிக்கறார். கொஞ்சம் அவசரம்."

"அவசரமா? ஹம்சா, அது அவசரம் இல்லை. தாளத்துக்கு ஒரு இழை முன்னால போய் நிக்கறது, அதுலதான் விஷயமே இருக்கு. இதோ பாரு, இடது கை தாளத்தைப் பிடிச்சுண்டிருக்கும், வலது கை..."

டேப்பைப் பின்னால் ஓட்டினார். கட்டில் விளிம்பில் தாளம் போட்டுக் காட்டினார். கல்லூரி நாள், ஃபிலிம் சொசைட்டி, வால்டர் சொன்னது, தெரேசா மறுத்தது எல்லாவற்றையும் சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று. ஸ்ம்ருதி வந்து, தோழிக்குப் போன் பண்ண வேண்டும், இணைப்பைத் துண்டிக்கலாமா என்று கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை. அவளே போய்த் துண்டித்துவிட்டாள்.

ஹம்சா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். அவர் முடித்ததும் எழுந்து துணிகளை எடுத்துக்கொண்டாள்.

"எல்லாம் புரிஞ்சுது" என்றாள். "ஆனா அவசரம்தான்."