ஒரு விரல் சாய்வு

அறுபத்து மூவாயிரத்து நானூறு. மச்சினன் வெல்டருக்குத் தரவேண்டியிருந்த பணம் அது. தானே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, "ஓடிப்போயிட மாட்டேன் மாமா, உங்க பொண்டாட்டிதான் எனக்கு ஜாமீன்" என்று கொடுத்திருந்தான்.

அந்தப் பணத்துக்கு ஐம்பது வயதான டிராக்டர் ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து இழுத்து வந்தான். பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கும் பணக்காரர் ஒருவர், ஓடுகிற நிலையில் கொண்டுவந்தால் ஒன்றே முக்கால் லட்சம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

வெல்டருக்கு அந்தக் கடன் திரும்பி வந்தால்தான் கண். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்குப் பணம் கட்டினால்தான் தேதி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒற்றைக் கண்ணுக்குப் பொருள் தெரியும். எதிரே நிற்பது தன் பக்கம் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் பிடிபடாது. வேலை பார்க்கும் பட்டறையில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றோடு வேலை போய்விடும்.

எட்டு மாதம், லீவு நாளெல்லாம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருவரும் மல்லுக்கட்டினார்கள். இறுகிப்போன பிஸ்டன்களில் டீசலும் பழைய ஆயிலும் ஊற்றிப் பதினோரு நாள் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி அசைத்தார்கள்.

"டேய், என் பெரிய சட்டி எங்கடா?" என்று அக்காக்காரி அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"எட்டு வால்வு ஊறுதுக்கா. வந்து உப்பு பாரு."

"உன் வாய்ல ஊத்துறேன் அந்தத் தண்ணிய."

"மாமா, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உங்களுக்கு அந்தக் கண்ணு போயிருச்சா?"

"அன்னிக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான்டா இருந்துச்சு. புத்திதான் போயிருச்சு" என்பார் வெல்டர். உள்ளே பாத்திரம் ஒன்று நங்கென்று விழும்.

பின்சக்கரங்களைக் கழற்றி, கட்டை கொடுத்து நிறுத்தியபடியே ஒருநாள் இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். கடைசியாக மிஞ்சியது பாதியில் முறிந்திருந்த கியர் கம்பி. முன்னால் நின்று, முகமூடி போட்டு, வெல்டரே பற்றவைத்தார். அவர் பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. சக்கரங்களையும் மாட்டினார்கள்.

மறுவாரம் காலை வெயிலில் வண்டியை முற்றத்துக்குத் தள்ளினார்கள். தடையில்லாமல் உருண்டு வந்தது. பக்கவாட்டில் நின்ற வெல்டருக்குக் கியர் கம்பி முன்பக்கமாக ஒரு விரல் சாய்ந்திருப்பது பட்டது. ஏதோ கியரில் கிடக்கிறது என்று நினைத்து இழுத்து நேராக்கினார். டக்கென்றது.

சாவிப் பெட்டி செத்துப் பல வருஷம். மச்சினன் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு, பெரிய சக்கரத்துக்கு முன்னால் தரையில் குனிந்தான். ஸ்டார்ட்டர் முனைகள் இரண்டையும் அதைக்கொண்டு தொட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

"நியூட்ரல்ல இருக்கா மாமா?"

"நேரா நிக்குதுடா. போடு."

பொறி பறந்தது. முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. அவன் சிரித்தபடி நிமிர்வதற்குள் சக்கரம் அவன்மேல் ஏறிவிட்டது. வண்டி கொட்டகைச் சுவரில் போய் முட்டி நின்ற பிறகும் சக்கரங்கள் மண்ணைப் பறித்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஏறி உட்கார்ந்து போடாமல் கீழே நின்று போட்டானே, அவன் செய்த தப்பு. போலீஸும் அதையே எழுதியது. மூன்றாம் நாள் வெல்டர் கொட்டகைக்குப் போய்க் கியர் கம்பியைப் பிடித்து ஆட்டினார். நேராக நின்றபோது அசையவில்லை. ஒரு விரல் முன்னால் சாய்த்ததும் நியூட்ரலுக்கு வந்து தளர்ந்து ஆடியது.

பணக்காரர் சொன்ன வாக்குப்படி மச்சினன் வீட்டில் பணம் கொடுத்து வண்டியை ஏற்றிப் போனார். அடுத்த வாரம் மச்சினன் பெண்டாட்டி பையோடு வந்தாள். வெல்டரின் மனைவி தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள்.

"அறுபத்து மூவாயிரத்து நானூறு. எண்ணிக்கங்கண்ணே. கடனோட போனான்னு அவர யாரும் சொல்லக்கூடாது."

வெல்டர் பணக்கட்டைப் பார்த்தார். கை மட்டும் நீளவில்லை.

"கியர் கம்பிய நான்தான்மா பத்தவச்சேன். கோணலாயிருச்சு. நேராக்குறேன்னு கியர்ல போட்டதும் நான்தான். அவன் கேட்டுட்டுத்தான் போட்டான். நான்தான் போடச் சொன்னேன்."

அவள் அழவில்லை. "எந்தக் கண்ணு?" என்று கேட்டாள்.

இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பணக்கட்டை எடுத்துத் திரும்பத் தன் பைக்குள் போட்டாள்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"இல்லம்மா."

"சொல்லாதீங்க. கூடப்பொறந்தவன் போயிட்டான். நீங்களாவது இருக்கீங்கன்னு நெனச்சுட்டு இருக்காங்க." வாசலில் செருப்பை மாட்டினாள். "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

தெருக்குழாயில் குடம் நிறையும் சத்தம் கேட்டது. வெல்டர் கடன் எழுதியிருந்த நோட்டை எடுத்தார். மச்சினனின் கையெழுத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, தொகையின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அது நேராக வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.